வலது மூலைச் சிவப்புப் பெட்டி

என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் அனிதா போன வாரம் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் புது சர்வர் வருகிறதாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளின் பிடிஎஃப்களை மட்டும் அதற்கு மாற்றிவிட்டு, நாங்கள் தட்டி வைத்த வேர்டு ஃபைல்களை அழித்துவிடப் போகிறார்களாம்.

"பிடிஎஃப்தான் இருக்கே, வேர்டு எதுக்குன்னு கேக்காவக்கா. புதுசா சேந்த பிள்ளைகளும் இருக்கு. பழைய வேல எப்படி நடந்துச்சுன்னு நீங்க கொஞ்சம் எழுதித் தந்தா, அதுகளுக்கு வாசிக்கக் குடுப்பேன்" என்றாள்.

எழுதுகிறேன். ஆனால் அவள் நினைக்கிற மாதிரி இருக்காது. டைப்ரைட்டரில் ஆரம்பித்து, இளைய தலைமுறையை வாழ்த்தி முடிக்கிற கட்டுரை எனக்கு வராது. எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் கோபம் இருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

நான் ஜெய்னம்பு. கடையநல்லூரில் பிறந்து சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தமிழும் இங்கிலீஷும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். ஒரு வக்கீலிடம் கொஞ்ச நாள், அரிசி மண்டியில் கொஞ்ச நாள் தட்டினேன். பிறகு இந்தத் தனியார் ஆஸ்பத்திரி. ரெக்கார்டு செக்‌ஷனில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அதே செக்‌ஷனில் சூப்பர்வைசராக ஆனேன். படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கற்றதெல்லாம் பெரிய டாக்டரிடம் வாங்கிய திட்டு.

பெரிய டாக்டர் என்பவர் அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவர். நல்ல மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். வாய் மோசம். நர்சுகளை நோயாளிகள் முன்னாலேயே ஏசுவார். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துக்குக் கொண்டு போனால், தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு முதலில் வலது மேல் மூலையைப் பார்ப்பார். நோயாளி பெயரைக்கூட அப்புறம்தான் பார்ப்பார். அந்த மூலையில் சிவப்புக் கட்டம் போட்டு, அந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருக்க வேண்டும். ஒன்றுமில்லாத ஆளாக இருந்தாலும் கட்டம் வேண்டும், உள்ளே "ஒவ்வாமை எதுவும் தெரியவில்லை" என்று இருக்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் அப்படி ஒன்றுமில்லாத ஒருவருக்குக் கட்டத்தை விட்டுவிட்டுக் கொண்டு போனேன். தாளை நாலாகக் கிழித்து மேசையில் வைத்தார். "இல்லன்னா இல்லன்னு எழுதணும்மா. வெறுமனே கிடந்தா, பாக்குதவன் இல்லைன்னு நெனச்சுக்கிடுவான். நீ மறந்தியா, அவனுக்கு இல்லியான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

திட்டினாலும் விஷயம் சரி. டைப்ரைட்டர் காலத்தில் கறுப்பு-சிவப்பு ரிப்பனின் சிவப்புப் பாதியில் அடித்தோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு வேர்டில் சம்மரிக்கு என்று ஒரு மாதிரிப் படிவம் செய்து வைத்தோம். மேலே லெட்டர்ஹெட் படம், அதன் வலது ஓரத்தில் சிவப்புப் பெட்டி. ஒவ்வாமை அதில் மட்டும்தான், கீழே வேறெங்கும் வராது. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியதைப் பார்த்துத் தட்டுவோம், அச்சடிப்போம், மூலையில் விரலை வைத்து ஒரு முறை வாசிப்போம், கையெழுத்துக்கு அனுப்புவோம். விரல் வைப்பது எங்கள் செக்‌ஷன் பழக்கம். விரல் வைக்காமல் ஒரு தாளும் வெளியே போகாது.

பெரிய டாக்டர் இறந்தார். மருமகன் பொறுப்புக்கு வந்தார். அவர் ஊரில் இருக்கிற நாள் குறைவு. நிர்வாகத்துக்கு என்று ஒருவரை வேலைக்கு வைத்தார். அவரை எல்லாரும் ஏ.ஓ. சார் என்போம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஏ.ஓ. குரலை உயர்த்தவே மாட்டார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாம் பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார். முழுவதும் கேட்டுவிட்டு, "அத சிஸ்டம் பாத்துக்கிடும்க்கா" என்பார். சம்பளம் தாமதமானாலும் அதே பதில், கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதே பதில். ஏசுகிற ஆளிடம் திருப்பி ஒரு வார்த்தை சொல்லலாம். கண்ணாடி துடைக்கிற ஆளிடம் என்ன சொல்வது? பெரிய டாக்டரின் வாய்க்கு நான் அழுதிருக்கிறேன். இந்த மனிதரின் மரியாதைக்குப் பயந்திருக்கிறேன்.

அவர் வந்த பிறகுதான் பிடிஎஃப் வந்தது. இனி நாங்கள் அச்சடிக்க வேண்டாம். வேர்டில் தட்டி, சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும். சர்வரில் மானிட்டர்கூட இல்லாமல் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஃபைலைத் தானே திறந்து, டாக்டரின் கையெழுத்துப் படத்தைத் தானே ஒட்டி, பிடிஎஃப் ஆக்கிவிடும். பிடிஎஃப் என்றால் அச்சடித்த தாளைப் படம் பிடித்து வைத்த மாதிரி, யாரும் திருத்த முடியாது. அது நேராக டிஸ்சார்ஜ் கவுன்டருக்குப் போகும். அங்கே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை. தட்டுகிற எங்களுக்குப் பிடிஎஃப் தெரியாது. கொடுக்கிற கவுன்டருக்கு வேர்டு தெரியாது. டாக்டரோ இரண்டையும் பார்ப்பதில்லை, கையெழுத்துதான் தானாக விழுகிறதே.

நான் கேட்டேன். பிடிஎஃப்பை எங்கள் மெஷினில் பார்க்க வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரிண்டாவது எங்களிடம் வரட்டும் என்றேன். ஏ.ஓ. கண்ணாடியைத் துடைத்தார். சர்வர் வைத்துக் கொடுத்த கம்பெனிக்காரர் மாதிரிக்கு ஒரு பிடிஎஃப் எடுத்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரியின் சாதாரணக் கடிதம். பெட்டியே இல்லாத தாள். "சம்மரி ஒண்ணு எடுத்துக் காட்டுங்க சார்" என்றேன். எல்லாம் ஒன்றுதான் என்றார் கம்பெனிக்காரர். பிரிண்ட் எடுப்பதை நிறுத்தத்தானே இவ்வளவும் செய்கிறோம், மறுபடி பிரிண்ட் கேட்டால் எப்படி என்றார் ஏ.ஓ. பிறகும் கேட்டேன். "அக்காவுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னதாகக் கவுன்டரில் சிரித்தார்களாம்.

அதே சமயத்தில் டிஸ்சார்ஜ் கவுன்டருக்கு மேலே ஒரு போர்டும் மாட்டினார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சம்மரியைக் காட்டினால் போதும், வாய்மொழியாக எதுவும் சொல்ல வேண்டாம் என்று. காரணம் இருந்தது. நம் ஜனங்கள் போகிற இடத்தில் மாத்திரை பெயரை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள், அங்கிருந்து நம் டாக்டருக்குப் போன் வருகிறது. அதனால் கவுன்டரில் தாளைக் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புவார்கள்: "எல்லாம் இதுல இருக்கு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. இதக் காட்டுங்க."

இப்போது மாடத்திக்கு வருகிறேன்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் ஒரு ஊர். புருஷன் முருகையா, ஆடு மேய்க்கிறவர். சர்க்கரைக்காரர். காலில் முள் குத்திய புண் ஆறாமல் எங்களிடம் வந்து படுத்தார். பென்சிலின் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, ஆளே போகப் பார்த்தார். எங்கள் டாக்டர்கள் ஓடி வந்து காப்பாற்றினார்கள். அதை மறைக்காமல் எழுதுகிறேன், அன்று அவர்கள் நன்றாகத்தான் வேலை செய்தார்கள். கேஸ் ஷீட்டில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். புண்ணை வெட்டி எடுக்கத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். சம்மரியை நான்தான் தட்டினேன். சிவப்புப் பெட்டியில் "பென்சிலின் ஆகாது, உயிராபத்து" என்று தட்டி, விரல் வைத்து வாசிக்கத் தாள் இல்லாததால் திரையிலேயே விரல் வைத்து வாசித்து, சர்வரில் போட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டர் மாடத்தியிடம் கேட்டிருக்கிறார், இவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா என்று. அவளுக்கு எல்லாம் தெரியும். புருஷன் மூச்சுக்குத் திணறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். மருந்தின் பெயரும் தெரியும். வாயைத் திறக்கப் போனவள், எங்கள் கவுன்டரில் சொன்னது ஞாபகம் வந்து, "எல்லாம் இதுல எழுதியிருக்கு சார்" என்று தாளை நீட்டியிருக்கிறாள். அந்த டாக்டர் தாளைப் பார்த்தார். மூலை வெறுமனே கிடந்தது.

பென்சிலின் ஊசி போட்டார்கள். முருகையா அன்றைக்கே இறந்துபோனார்.

செய்தி எங்களுக்கு வந்ததும் நான் கவுன்டருக்குப் போய் அந்தப் பிடிஎஃப்பைத் திறக்கச் சொன்னேன். லெட்டர்ஹெட் இருந்தது. சிவப்புப் பெட்டி இல்லை. வேறு நாலைந்தைத் திறக்கச் சொன்னேன். ஒன்றிலும் இல்லை. சர்வர் வந்த நாளிலிருந்து வெளியே போன எந்தச் சம்மரியிலும் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே பெட்டி இருக்க வேண்டும் என்று தெரிந்த யாருக்கும் அந்தத் தாளைப் பார்க்க அனுமதி இல்லை.

கம்பெனிக்காரர் போனிலேயே காரணம் கண்டுபிடித்தார். எங்கள் மெஷினில் இருந்த வேர்டு வேறு, சர்வரில் ஓடிய புரோகிராம் வேறு. வேர்டு லெட்டர்ஹெட் படத்துக்கு மேலே பெட்டியை வைத்துக் காட்டியது. சர்வர் அதைப் படத்துக்குக் கீழே வைத்தது. படத்தின் வெள்ளைக்குப் பின்னால் பெட்டி மறைந்துபோனது. மாதிரிப் படிவத்தில் படத்தைப் பின்னுக்குத் தள்ளினார், டீ ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. அவ்வளவு சின்ன வேலை.

சில நாள் கழித்து மாடத்தி வந்தாள். கூடக் கொழுந்தன் வந்தான், சரக்கு ஆட்டோ ஓட்டுகிற பையன். மாமியாரும் வந்திருந்தார்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். வந்தது சண்டைக்கு இல்லை. ஊசி ஆகாது என்று தெரிந்தும் சொல்லாமல் புருஷனைக் கொன்றவள் என்று வீட்டில் அவளைச் சோற்றில் கைவைக்க விடவில்லையாம். "நான் சொல்லாம இருந்ததுக்குக் காரணம் இங்கன சொன்னதுதான்னு எங்க அத்தகிட்ட ஒரு வார்த்த யாராச்சும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஏ.ஓ. அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். டீ வரவழைத்தார். என்னையும் கூப்பிட்டார், ரெக்கார்டு செக்‌ஷன் பொறுப்பு நான் என்பதால். முருகையாவின் பழைய பிடிஎஃப்பைத் திரையில் திறந்தார். தேடுகிற இடத்தில் பென்சிலின் என்று தட்டினார். ஒன்று இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. வலது மூலையில் வெள்ளை மேல் ஒரு நீலப் பட்டை விழுந்தது.

வெள்ளைக்குப் பின்னால் எழுத்து இருக்கத்தான் செய்தது. கண்ணுக்குத்தான் இல்லை. கம்ப்யூட்டர் தேடினால் கிடைக்கும், மனிதன் பார்த்தால் தெரியாது. கம்பெனிக்காரர் இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா தம்பி, நாங்க எழுதியிருக்கோம். டாக்குமெண்ட்ல இருக்கு" என்றார்.

கொழுந்தன் நீலப் பட்டையைப் பார்த்தான். பிறகு மாடத்தியைப் பார்த்தான். "மைனி, குடுத்த கடுதாசியெல்லாம் அங்க குடுத்தீயளா? ஒண்ணு ரெண்ட விட்டுட்டீயளா?"

அவள் மடியில் சுருட்டி வைத்திருந்த தாளை எடுத்தாள். எழுத்துத் தெரியாதவள், எந்தப் பக்கம் மேல் என்றுகூடத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்திருந்தாள். தான்தான் எதையோ தொலைத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்ததை அவள் முகத்தில் பார்த்தேன். அந்த முகத்துக்காகத்தான் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நான் அந்தத் தாளை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். "இதுல எங்க சார் இருக்கு? விரல வச்சுக் காட்டுங்க."

"பிரிண்டர்ல ஏதாவது பிரச்சனையா இருக்கும்க்கா."

"அப்ப இப்ப ஒண்ணு எடுங்க."

அவர் எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். நானே அவர் மேசை மேல் குனிந்து பிரிண்ட் கொடுத்தேன். தாள் வந்தது. மூலை வெள்ளை. அதைக் கொழுந்தன் கையில் கொடுத்தேன். "உங்க மைனி ஒண்ணையும் தொலைக்கல. எங்க மெஷின் மறச்சிட்டு. நான் தட்டினேன், இது மறச்சிட்டு. பேசாதீங்கன்னு சொன்னதும் நாங்கதான்" என்றேன்.

"அக்கா, நீங்க வெளிய இருங்க" என்றார் ஏ.ஓ. அப்போதும் குரல் உயரவில்லை.

வெளியே இருக்கத்தான் எனக்கும் வேண்டியிருந்தது. பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே அந்தப் போர்டு. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மாடத்தியும் பின்னாலேயே வந்து நின்றாள். அந்த அம்மா நான் முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டார்கள்.

"கடுதாசி ஊமைன்னு வச்சிக்கிடுவோம்மா. இவ வாயில என்ன, மண்ணா இருந்துச்சு?"

"பேசாதன்னு சொன்னாவ அத்த" என்றாள் மாடத்தி.

"ஆரு சொன்னா என்னட்டீ. செத்தது அவுக புருஷனா, ஒன் புருஷனா?"

அதற்கான பதில் உள்ளே ஏ.சி. அறையில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்து, எங்கள் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பார்கள். டைப் அடிக்கிற பொம்பளை சொல்வதை யார் நம்புவார்கள்? ஏ.ஓ. வரவில்லை. டாக்டர்களில் ஒருவரும் வரவில்லை. மருமகன் டாக்டர் ஊரில் இல்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. நோயாளிக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு என்பது எங்கள் ஆவணத்தில் பதிவாகியுள்ளது என்று ஏ.ஓ. சொல்லச் சொல்ல நான் தட்ட வேண்டும். மாட்டேன் என்றேன். அவரே தட்டிக்கொண்டார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் சொல்லாமலே ஒரு பொம்பளையைக் கொலைகாரி ஆக்கலாம் என்று அந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் என்னைக் கேன்டீனுக்குப் பின்னால் பழைய கேஸ் ஷீட் ஸ்கேன் பண்ணுகிற அறைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. அக்கா என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை. ஓய்வு பெறுகிற வரை அங்கேதான் இருந்தேன். வழியனுப்பு விழாவில் ஏ.ஓ. பொன்னாடை போர்த்தி, புது சிஸ்டத்துக்கு நான் கொடுத்த ஒத்துழைப்பை மறக்க முடியாது என்று பேசினார். கை தட்டினார்கள். பொன்னாடையைத் தையல் மெஷினுக்கு உறையாகப் போட்டிருக்கிறேன்.

மாடத்தி மாமியார் வீட்டில் இருக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். விசைத்தறிக்கு நூல் சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போய் என்ன சொல்வேன்?

இனி அனிதாவுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும்.

மாதிரிப் படிவத்தைச் சரி செய்தார்கள், சரி. ஆனால் அதற்கு முன்னால் வெளியே போன பிடிஎஃப்களை மறுபடி எடுக்கவில்லை. நான் கேட்டேன். போனவர்கள் போய்விட்டார்கள், அதை ஏன் கிளற வேண்டும் என்றார் ஏ.ஓ. அதெல்லாம் இன்றைக்கும் சர்வரில் மூலை வெறுமனே கிடக்கிறது. சிவப்புப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம் அந்த வேர்டு ஃபைல்கள். அவற்றைத்தான் அழிக்கப் போகிறார்கள். அழித்துவிட்டால், அந்த நோயாளி நாளைக்கு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் வெள்ளை மூலைதான் டாக்டருக்குத் தெரியும். பெட்டி இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் தேடாதீர்கள். தேடினால் இருக்கிறது என்றுதான் சொல்லும். அச்சடியுங்கள். மூலையில் விரலை வையுங்கள். எழுத்து இல்லாவிட்டால் வேர்டை எடுத்து மறுபடி பிடிஎஃப் போடுங்கள். ஏ.ஓ. கண்ணாடி துடைத்தால் துடைக்கட்டும்.

இவ்வளவையும் நான் எழுதியிருக்க மாட்டேன். வேண்டாம் அனிதா, எனக்கு முடியாது என்று சொல்லிப் போனை வைக்கத்தான் இருந்தேன். வைக்கிற நேரத்தில் அவள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள்.

"இங்க ஒரு பொம்பள வருவாக்கா, பிள்ளைக்கு மூச்சிழைப்புன்னு. வாசல்ல செக்யூரிட்டிட்ட ஆரம்பிப்பா. டோக்கன் போடுத பிள்ள, நர்சு, டாக்டரு, கூட்டுத ஆளு வரைக்கும் ஒருத்தர விட மாட்டா. 'இவன் அப்பனுக்குப் பென்சிலின் ஆகாது, இவனுக்கும் பாத்துக் குடுங்க'ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே வருவா. பேப்பர காட்டும்மான்னா காட்ட மாட்டா. வாயாலதான் சொல்லுவா. நாங்க அவளுக்குப் பென்சிலின் அக்கான்னு பேரு வச்சிருக்கோம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அனிதா நல்ல பிள்ளை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

"அவ பேரு மாடத்தி" என்றேன். "எழுதித் தாரேன். வாசிச்சு முடிச்சதும் அவளுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடு. அவ சொல்லுதத முழுசும் கேளு."